போன மயலின் திரும்ப வருமா?

கேள்வி: டாக்டர், என் தங்கச்சிக்கு 29 வயசு. போன வருஷம் திடீர்னு ஒரு கண்ணு மட்டும் மங்கிப்போச்சு, கண்ணை உருட்டினாலே வலிக்குதுன்னா, ரெண்டு மாசத்துல சரியாயிடுச்சு. இப்ப இடுப்புக்குக் கீழ மரத்துப்போய் எம்ஆர்ஐ எடுத்ததுல மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் (எம்.எஸ்.)னு சொல்றாங்க. கரன்ட் வயர் மேல இருக்குற பிளாஸ்டிக் உரிஞ்ச மாதிரி, நரம்பு மேல இருக்குற மயலின் போயிடுச்சாம். அதைத் திரும்பப் போட மருந்தே இல்லையா? அப்ப கண்ணு மட்டும் எப்படி சரியாச்சு?
- வாசகி, திருச்சி

பதில்: கடைசியா கேட்டீங்க பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கும்மா. வயர் பிளாஸ்டிக் உரிஞ்சா உரிஞ்சதுதான், ஆனா மயலின் உயிருள்ள செல்லோட ஒரு பாகம். மூளையிலயும் தண்டுவடத்துலயும் ஆலிகோடென்ட்ரோசைட்னு ஒரு செல் இருக்கு, அது நாலாபக்கமும் கையை நீட்டி பக்கத்துல இருக்குற நரம்பு இழைகளை அடுக்கடுக்கா சுத்திக்கும், அந்தச் சுத்துதான் மயலின். எம்.எஸ்.ல நம்ம நோய் எதிர்ப்பு சக்தியே இதைத் தாக்குது, தாக்குன இடத்துல சிக்னல் மெதுவாகும், இல்ல நின்னே போயிடும்.

தங்கச்சி கண்ணு தேறுனதுக்கு முதல் காரணம் வீக்கம் வடிஞ்சது. அடுத்து, உறை போன இடத்துலயும் சிக்னலைக் கடத்துற மாதிரி நரம்பு தன்னைக் கொஞ்சம் மாத்திக்கும். அதோட ஓரளவு புது மயலினும் வளரும். பெரியவங்க மூளையிலயும் இந்த ஆலிகோடென்ட்ரோசைட்டா மாறக்கூடிய இளம் செல்கள் வயசான வரைக்கும் இருக்கு, அடிபட்ட இடத்துக்கு வந்து முதிர்ந்து திரும்பச் சுத்தும். வளர்ந்த பூனையோட தண்டுவடத்துல இப்படி மயலின் திரும்ப வர்றதை 1961லயே மைக்ராஸ்கோப்ல பாத்துட்டாங்க. ஆனா புது உறை பழசை விட மெல்லிசா, நீளம் கம்மியா இருக்கும்.

கண்ணுல இருந்து மூளைக்கு சிக்னல் போக எவ்வளவு நேரமாகுதுன்னு பாக்குற விஇபி டெஸ்ட்ல இது நல்லாத் தெரியும். கறுப்பு வெள்ளை கட்டம் மாறி மாறி வர்ற ஸ்கிரீனைப் பாக்கச் சொல்லி, பின்மண்டையில ஒட்டுன வயர் மூலமா அலையைப் பதிவு பண்ணுவாங்க, சாதாரணமா 100 மில்லிசெகண்ட் பக்கத்துல வர வேண்டிய அலை, அடிபட்ட கண்ணுல 120, 130னு தள்ளி வரும், அந்த ஆளு சார்ட்ல கடைசி வரி வரைக்கும் படிச்சாலும் அந்த தாமதம் பல பேருக்கு வருஷக்கணக்கா இருக்கும்.

இந்த ரிப்பேர் எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்காது. வயசு ஏற ஏற குறையும், சில இடத்துல இளம் செல் வந்து சேந்தும் முதிராம அப்படியே நிக்கும். உறை இல்லாம ரொம்ப நாள் கிடந்தா உள்ள இருக்குற நரம்பு இழையே செத்துடும், ஏன்னா அதுக்கு சத்து குடுக்குறதுலயும் அந்த செல்லுக்குப் பங்கு இருக்கு. இழை போயிட்டா அதைத் திருப்பிக் கொண்டுவர இன்னிக்கு வழியில்ல. அதனாலதான் தாக்குதலைக் குறைக்கிற மருந்தை சீக்கிரமே ஆரம்பிங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். 1993ல இன்டர்ஃபெரான் வந்துச்சு, இப்ப அதை விட வலுவான மருந்துங்க இருக்கு. எதுவும் மயலினை நேரடியா ஒட்டாது, ஆனா புது அடி விழாம பாத்துக்கிட்டா உடம்பு ரிப்பேர் பண்ண நேரம் கிடைக்கும். ஸ்டீராய்டு ஊசி அட்டாக்கை சீக்கிரம் அடக்கும், அதோட அதன் வேலை முடிஞ்சுது.

இன்னொண்ணு, அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆன்டிபாடின்னு ரெண்டு ரத்த டெஸ்ட் எடுத்தாச்சான்னு கேளுங்க. கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்குற என்எம்ஓன்னு வேற நோய் இருக்கு, எம்.எஸ். மருந்துல சிலது அதை இன்னும் மோசமாக்கிடும்.

கேள்வி: எனக்கு எம்.எஸ். இருக்கு. வெயில்ல நடந்தாலோ சுடுதண்ணில குளிச்சாலோ பார்வை மங்குது, கால் தள்ளாடுது. ஒவ்வொரு தடவையும் மயலின் இன்னும் போகுதோன்னு பயமா இருக்கு.
- வாசகர், மதுரை

பதில்: இல்ல தம்பி, போகல. 1890ல ஊட்ஹாஃப்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் எழுதி வெச்ச விஷயம் இது. உறை மெலிஞ்ச நரம்பு ஏற்கெனவே மூச்சைப் பிடிச்சுத்தான் சிக்னலைக் கடத்துது, உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே சிலருக்கு அங்க தடைபட்டுடும். சூடு இறங்கினா பழையபடி ஆயிடும். வெதுவெதுப்பா குளிங்க, வெளிய போற வேலையை காலைலயே முடிங்க. புதுசா ஒரு குறை வந்து 24 மணி நேரத்துக்கு மேல நின்னா டாக்டரைப் பாருங்க, அப்ப காய்ச்சல், யூரின் இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னும் பாக்கணும், இது ரெண்டுமே பழைய தொந்தரவைக் கிளப்பி விடும்.

கேள்வி: கிளெமாஸ்டின்னு ஒரு அலர்ஜி மாத்திரை மயலினை வளக்குதாமே, வாங்கிப் போடலாமா? பி12 ஊசி?
- வாசகி, கோவை

பதில்: தயவுசெஞ்சு நீங்களா போடாதீங்க. கலிபோர்னியா பல்கலைக்கழகத்துல 50 பேரை வெச்சு செஞ்ச ஆராய்ச்சி 2017ல வந்துச்சு, நான் மேல சொன்ன அந்த விஇபி தாமதம் ஒரு கண்ணுக்கு சராசரியா 1.7 மில்லிசெகண்ட் குறைஞ்சுது. மருந்தால மயலினைத் தூண்ட முடியும்ங்கிறதுக்கு அது பெரிய நம்பிக்கை, எனக்கும் அதுல சந்தோஷம்தான், ஆனா பார்வை பெருசா மாறல, அசதி கூடுச்சு. அப்புறம் நோய் படிப்படியா முத்துற வகை உள்ளவங்களுக்குக் குடுத்துப் பாத்தப்ப சிலருக்கு ஊனம் வேகமா ஏறினதால நடுவுல நிறுத்திட்டாங்க. ஒப்பிசினுமாப்னு இதுக்காகவே செஞ்ச ஒரு மருந்தும் எதிர்பார்த்த பலன் தரல.

பி12 குறைஞ்சாலும் தண்டுவடத்துல மயலின் போகும், எம்.எஸ். மாதிரியே மரத்துப்போகும், அதனால ரத்தத்துல அளவைப் பாருங்க. குறைவா இருந்தா ஊசி கண்டிப்பா வேணும். அளவு சரியா இருந்தா எவ்வளவு போட்டாலும் எம்.எஸ்.ல போன மயலின் அதனால வளராது, அந்தக் காசை ஃபிசியோதெரபிக்கு வெச்சுக்கோங்க.