குதிரைக் குளம்பு: இந்த முறை வந்த நான்கு கேள்விகள்

கல்யாண ஊர்வலத்துக்குப் போகும் குதிரை. ராத்திரி கட்டு அவிழ்ந்து, கம்பு மூட்டையில் பாதியைத் தின்றுவிட்டது. இரண்டு நாளாக முன்னங்கால்களை நீட்டிப் பின்னால் சாய்ந்தே நிற்கிறது. சுளுக்கா? நடத்திப் பார்க்கலாமா?

நடத்தவே வேண்டாம், இப்போதே மருத்துவரைக் கூப்பிடுங்கள். நீங்கள் சொல்லும் அந்த நிற்கும் விதம் லேமினைட்டிஸ் என்கிற குளம்பு அழற்சிக்கே உரியது. அளவுக்கு மீறித் தின்ற தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் வேகமாகப் புளிக்கிறது, அங்குள்ள நுண்ணுயிர்கள் செத்து நஞ்சு ரத்தத்தில் கலக்கிறது, கடைசியில் குளம்பு ஓட்டையும் உள்ளிருக்கும் எலும்பையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மெல்லிய இதழ்கள் பிடி விடுகின்றன. எலும்பு கீழே திரும்பிவிட்டால் மீட்பது ரொம்பக் கஷ்டம். குளம்பைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். கணுவுக்குப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் விரல் வைத்தால் நாடி தடதடவென்று அடிக்கும். மருத்துவர் வரும்வரை கால்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்துங்கள். தரையில் மணலோ வைக்கோலோ தடிமனாகப் போடுங்கள். தானியம், தவிடு, வெல்லம் எல்லாம் நிறுத்தம், காய்ந்த புல் மட்டும். ஊர்வலத்தில் ஆளாளுக்கு ஆசையாக வெல்லம் ஊட்டுவதையும் இனி தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மழை ஆரம்பித்ததிலிருந்து குளம்பைத் தூக்கினால் அழுகிய நாற்றம், கறுப்பாக ஏதோ கசிகிறது. தீவனம் சரியில்லையோ?

தீவனத்தைவிட லாயத்தைப் பாருங்கள். மூத்திரமும் சாணியும் ஊறிய தரையில் நின்றால், அடிப்பாதத்தின் நடுவில் முக்கோணமாக இருக்கிற மெத்தென்ற பகுதியின் பள்ளங்களில் காற்றுப் படாமல் கிருமி வளரும். தினமும் குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து நுனி நோக்கிச் சுத்தம் செய்து, துடைத்து, நீர்த்த பொவிடோன் அயோடின் என்கிற கிருமிநாசினியில் நனைத்த பஞ்சைப் பள்ளத்துக்குள் வையுங்கள். தொட்டால் காலை இழுத்துக்கொண்டாலோ ரத்தம் வந்தாலோ நீங்களே சீவ வேண்டாம்.

குளம்பு வெடிப்புக்குப் பயோட்டின் என்கிற வைட்டமினை ஒரு மாதமாகக் கொடுக்கிறேன், வெடிப்பு அப்படியே இருக்கிறதே?

ஒரு மாதம் போதாது. குளம்பு மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளரும், மேலிருந்து நுனிவரை புதுசாக வர 9 முதல் 12 மாதம். இருக்கிற வெடிப்பு ஒட்டாது, நல்ல குளம்பு மேலிருந்து இறங்கி வர வேண்டும். பெரிய குதிரைக்கு நாளைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் பயோட்டின், கூடவே துத்தநாகமும் செம்பும் போதுமான அளவு. அவசரப்பட்டு இரண்டு மூன்று டானிக்கைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள். அவற்றில் இருக்கும் செலினியம் என்கிற தாது அதிகமானால் பிடரி மயிர் கொட்டும், குளம்பே வளையம் வளையமாக வெடிக்கும்.

லாடம் தேயாமல் நன்றாக இருந்தால் அப்படியே விடலாமா?

கூடாது. லாடம் தேயாவிட்டாலும் குளம்பு வளர்ந்துகொண்டேதான் இருக்கும், 6 முதல் 8 வாரத்துக்குள் கழற்றிச் சீவியாக வேண்டும். நுனி நீண்டுவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் குளம்பின் சுவர் நெம்பப்படும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.