பேஸ்மென்ட் ஜன்னலை விட்டு வெளியே வாருங்கள், தம்பி

தம்பி, அக்டோபரில் பி.ஆர். (கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை) கிடைத்து டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோவையில் நூற்பாலை ஒன்றில் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்திருக்கிறீர்கள். நாலு மாதத்தில் இருநூறு விண்ணப்பம் போட்டும் இரண்டே நேர்காணல்தான் வந்திருக்கிறது. "காலையில் எழுந்திருக்கவே மனசு வரவில்லை அக்கா, எப்படித் தாக்குப்பிடித்தீர்கள்?" என்று கேட்கிறீர்கள்.

நானும் கணக்குதான் பார்த்தேன். திருச்சியிலிருந்து 2013 செப்டம்பரில் வந்தோம். முதல் வேலை கிடைத்தது 2014 ஜூனில். நடுவில் இருந்த அந்த ஒன்பது மாதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்தோம். ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கும். பனி கொட்டினால் அது முழுக்க மூடிக்கொண்டு, பொழுது விடிந்ததே தெரியாது. அந்த டிசம்பரில் டொராண்டோவில் பெரிய பனிமழை. மரக்கிளைகள் முறிந்து கம்பிகளில் விழுந்து எங்கள் தெருவுக்கே கரண்ட் இல்லை. அதோடு நான் படுத்தவள்தான். கரண்ட் வந்த பிறகும் பதினொரு மணி, பன்னிரண்டு மணிக்கு எழுந்து, போர்வைக்குள் உட்கார்ந்தபடியே ஒரே ரெஸ்யூமேயை முப்பது இடத்துக்கு அனுப்புவேன். நாலே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும். அன்றைய நாள் அவ்வளவுதான்.

கைக்காசு கரைந்ததும் ஒரு கிடங்கில் பேக்கிங் வேலைக்குப் போனேன். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை, மணிக்கு 10.25 டாலர். அந்த வேலையில் ஒரு குறையும் இல்லை, வாடகையைக் கட்டியதே அதுதான். ஆனால் நான் தூங்கும் நேரமும் ஆபீஸ்கள் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாகிப் போனது. அழைப்பு வந்தால் தூக்கக் கலக்கத்தில் எடுப்பேன். ஒருமுறை என்ன வேலைக்கு விண்ணப்பித்தேன் என்பதே நினைவுக்கு வராமல் திணறினேன். அப்போதுதான் சண்டை போட்டு மாலை ஷிப்டுக்கு மாறினேன். இப்படி ஒரு வேலை தேவைப்பட்டால் தயங்காமல் போங்கள், தம்பி. ஆனால் காலைப் பொழுதை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

ஷிப்ட் மாறிய மறுநாளே மார்க்கம் ரோட்டில் இருக்கும் சீடர்ப்ரே நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டர், வைஃபை, சூடு எல்லாம் இலவசம். வேலைக்குப் போவது போலவே உடுத்திக்கொண்டு, பனிக்காகத் தெருவில் தூவும் உப்பின் கறை படிந்த பூட்ஸோடு ஒன்பதரைக்கு ஒரே மேசையில் போய் உட்காருவேன். உற்சாகம் இருந்ததால் போனேன் என்று சொல்ல மாட்டேன். பல நாள் பஸ்ஸில் அழுதுகொண்டேதான் போயிருக்கிறேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து அரைமணி ஆனால் கை தானாக வேலை செய்யும்.

ஒரு நோட்டு வாங்கி, எந்த வேலை, எந்தத் தேதி, எந்த ரெஸ்யூமே அனுப்பினேன் என்று எழுதிவைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று விண்ணப்பம்தான். விளம்பரத்தை வரிவரியாகப் படித்து அதற்கேற்ப ரெஸ்யூமேயை மாற்றிய பிறகுதான் அனுப்புவேன். "கணக்குகளைக் கவனித்தேன்" என்று இருந்த வரியை எடுத்துவிட்டு, மாதம் எத்தனை பில், எத்தனை வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்த்தேன், எந்த மென்பொருளில் என்று எழுதினேன். அதன் பிறகுதான் போன் வரத் தொடங்கியது. நீங்கள் இருநூறு போட்டிருக்கிறீர்கள், சரி. அதில் எத்தனை இப்படிப் போட்டது?

"கனடா அனுபவம் இல்லையே" என்று ஒரு நேர்காணலில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அன்று இரவு சாப்பிடவில்லை. இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2026 ஜனவரி 1 முதல், நாம் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பொது வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. நேர்காணலுக்கு வந்தவரிடம், கடைசி நேர்காணல் முடிந்த 45 நாளுக்குள் முடிவு எடுத்தாயிற்றா இல்லையா என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும். அதனால் நேர்காணல் தேதியை நோட்டில் குறித்துவையுங்கள். பதில் வராத இரண்டு இடத்தையும் நினைத்து மாதக்கணக்கில் ஏங்க வேண்டியதில்லை.

அப்புறம், இதை நீங்கள் உடனே செய்ய வேண்டும். மார்ச், ஏப்ரலில் வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வரி தாக்கல் செய்து கொடுக்கும் முகாம்கள் நடக்கும். கனடா வருவாய்த் துறையின் திட்டம் அது, சமூக அமைப்புகள் நடத்துகின்றன. அங்கே தன்னார்வலராகச் சேருங்கள், பயிற்சியும் உண்டு. போலீஸ் சான்று கேட்கலாம், அது கைக்கு வர நாளாகும் என்பதால் இந்த வாரமே விசாரியுங்கள். 2014 மார்ச்சில் நான் போனேன். ஒரு பாட்டியின் டி-4 சீட்டுகளை (வேலை தந்தவர் கொடுக்கும் வருடச் சம்பளக் கணக்கு) வரிசைப்படுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசையில் இருந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர் என் வேலையைக் கவனித்திருக்கிறார். மே மாதம் அவரே கூப்பிட்டு, தெரிந்த போக்குவரத்து நிறுவனத்தில் பில் பிரிவில் ஆறு மாத ஒப்பந்த வேலை இருப்பதாகச் சொன்னார். நோட்டில் இருந்த எந்த விண்ணப்பத்திலும் வராத வேலை அது.

வீட்டுக்குப் பேசுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அம்மா தினமும் "வேலை கிடைச்சுதாடி?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்டால் அன்று முழுக்க எனக்கு எதுவும் ஓடாது. கடைசியில் ஒருநாள் வெளிப்படையாகச் சொல்லிவிட்டேன்: "கிடைச்சா முதல் போன் உனக்குத்தாம்மா, அதுவரைக்கும் என்ன சமைச்சேன்னு கேளு." அடுத்த நாளிலிருந்து ரசத்தில் மிளகு போட்டேனா என்றுதான் கேட்டார். உங்கள் அம்மாவிடமும் சொல்லிப் பாருங்கள். நாளைக் காலை ஒன்பதரைக்கு நூலகம் போய் உட்கார்ந்ததும், அந்த ஆறு வருடத்தில் செய்த வேலையை எண்களோடு பத்து வரி எழுதி அனுப்புங்கள். நான் பார்த்துத் திருத்தித் தருகிறேன்.