செல் சவ்வு வழியே நடக்கும் பரவல், செல்லின் உட்சூழலைச் சீராக வைக்க எப்படி உதவுகிறது?

அடர்த்தி கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு மூலக்கூறுகள் தாமாகவே நகரும், அதற்குச் செல் ஆற்றல் செலவழிக்க வேண்டியதில்லை என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதில் ஓர் இடம் இடிக்கும். பரவலை அதன் போக்கில் விட்டால் உள்ளேயும் வெளியேயும் எல்லாம் ஒரே அளவாகிவிடும். அப்படி ஆகிவிட்ட செல், செத்த செல். அப்புறம் அது எப்படிச் செல்லைக் காப்பாற்றும்?

செல் சும்மா இருப்பதில்லை, அதனால்தான். ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். செல் அதை ஓயாமல் செலவழிப்பதால் உள்ளே எப்போதும் குறைவாகவே இருக்கிறது, வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது தொடைத் தசையில் செலவு கூடும். உள்ளே அளவு இன்னும் இறங்கும். வித்தியாசம் கூடக்கூட வரத்தும் கூடும். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. கார்பன் டை ஆக்சைடு இதே கணக்கில் எதிர்த்திசையில் வெளியேறும்.

எனக்குப் பிடித்தது குளுக்கோஸ் கதை. கொழுப்பாலான சவ்வை அதனால் எளிதில் ஊடுருவ முடியாது. சிவப்பணுவில் குளுட்-1 என்ற கடத்திப் புரதம் வழியாக நுழைகிறது. இதுவும் பரவல்தான். ஆனால் அந்தப் புரதம் இரண்டு பக்கமும் கடத்தும், வந்தது திரும்பிப் போய்விடலாமே? போக முடியாது. நுழைந்ததுமே ஹெக்சோகைனேஸ் என்ற நொதி, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி ஒன்றைச் செலவழித்து அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பாஸ்பேட் ஒட்டிய குளுக்கோஸை குளுட்-1 ஏற்றுக்கொள்ளாது. வந்தது உள்ளேயே தங்குகிறது. வெறும் குளுக்கோஸின் அளவும் உள்ளே தாழ்ந்தே இருப்பதால் அடுத்தது வருவதும் நிற்பதில்லை.

தூரம் பற்றியும் சொல்ல வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் பரவலுக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர்தான் என்பதால் கவலையில்லை. ஆனால் ஆக்சிஜன் ஒரு சென்டிமீட்டர் தண்ணீரைப் பரவலால் மட்டும் கடக்க மணிக்கணக்காகும். தந்துகிகள் என்ற மிக நுண்ணிய ரத்தக்குழாய்கள் திசுக்களுக்குள் அவ்வளவு நெருக்கமாக ஓடுவது இதற்காகத்தான்.

சரி, பரவல் மட்டும் போதுமா? போதாது. நான் ரத்த வங்கியில் வேலை பார்ப்பதால் இதைத் தினமும் பார்க்கிறேன். சிவப்பணுவுக்குள் பொட்டாசியம், பிளாஸ்மாவில் இருப்பதைப் போல் இருபது மடங்குக்கும் மேல். சோடியம் இதற்குத் தலைகீழ். இரண்டுமே மெதுவாகக் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதை ஈடுகட்ட, சவ்விலுள்ள சோடியம்–பொட்டாசியம் பம்ப் என்ற புரதம், ஒவ்வொரு ஏடிபி-க்கும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. (1957இல் இதை வெளிப்படுத்திய டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் வேதியியல் நோபல் கிடைத்தது.)

ரத்தப் பையை 2 முதல் 6 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்கும்போது இந்தப் பம்ப் கிட்டத்தட்ட முடங்கிவிடும், கசிவு மட்டும் தொடரும். நாளாக ஆக, பையில் சிவப்பணுக்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் பொட்டாசியம் பல மடங்கு ஏறிவிடுகிறது. பெரியவர்களுக்கு ஓரிரு பை நிதானமாக ஏற்றினால் பொதுவாகப் பிரச்சினை வராது. உடல் சூட்டில் பம்ப் மறுபடி ஓடத் தொடங்கி, விட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு அதிக அளவில் ஏற்ற வேண்டி வந்தால் மட்டும், அண்மையில் எடுத்த பையாகப் பார்த்துக் கொடுக்கச் சொல்லி வார்டிலிருந்து கேட்பார்கள்.