காமென் ரைடர் 1975-இல் சேனல் மாறியது ஏன்?

கேள்வி: ஜப்பானின் சூப்பர்ஹீரோ டிவி தொடர் வரிசையான காமென் ரைடரில், ‘அமேசான்’ டோக்கியோவின் என்.இ.டி. சேனலில் முடிந்து, அடுத்த வாரமே ‘ஸ்ட்ராங்கர்’ இன்னொரு டோக்கியோ சேனலான டி.பி.எஸ்.ஸில் தொடங்கியது. தயாரிப்பாளர்களுக்கும் சேனலுக்கும் தகராறா?

தகராறெல்லாம் இல்லை. நீங்கள் டோக்கியோ சேனல்களை மட்டும் வைத்துத் தேடியிருப்பீர்கள், அதனால்தான் குழப்பம். டோஎய் படத் தயாரிப்பு நிறுவனத்துடன் சேர்ந்து இந்தத் தொடரைத் தயாரித்த நிலையம் ஒசாகாவின் மைனிச்சி ஒலிபரப்பு (எம்.பி.எஸ்). அந்த நிலையம் 1975 மார்ச் 31 அன்று நெட்வொர்க் மாறியது, அதாவது என்.இ.டி.யோடு இருந்த இணைப்பை விட்டு டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது, தொடரும் கூடவே போனது. அவ்வளவுதான்.

ஏன் மாறியது என்றால் 1956-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு டிசம்பர் 1-இல் ஒசாகாவின் முதல் தனியார் டிவியான ஒசாகா டெலிவிஷன் ஆறாம் சேனலில் தொடங்கியது. அசாஹி, மைனிச்சி என்ற இரு போட்டிப் பத்திரிகைகளும் அவற்றைச் சார்ந்த இரு வானொலி நிலையங்களும் கூட்டாக நடத்திய நிலையம் அது. பிறகு மைனிச்சி தரப்பு தனி உரிமம் பெற்று விலகி, 1959 மார்ச் 1-இல் நான்காம் சேனலைத் தொடங்கியது. மிச்சமிருந்த ஒசாகா டெலிவிஷனை அதே ஆண்டு ஜூன் 1-இல் அசாஹி ஒலிபரப்பு (ஏ.பி.சி) தன்னோடு இணைத்துக்கொண்டது. பின்னாளில் டி.பி.எஸ். என்று பெயர் மாறிய டோக்கியோ நிலையத்தின் தொடர்பும் அதனுடன் ஏ.பி.சி.க்கே வந்தது. ஒசாகாவின் மற்ற நிலையங்களான யோமியூரி டிவி டோக்கியோவின் நிப்பான் டிவியோடும், கன்சாய் டிவி ஃபுஜியோடும் சேர்ந்துவிட்டன. எம்.பி.எஸ்.ஸுக்கு மிஞ்சியது, அப்போதுதான் கல்வி நிலையமாக உரிமம் பெற்றுத் தொடங்கியிருந்த என்.இ.டி.

விளைவு, அசாஹி பத்திரிகையின் ஒசாகா நிலையம் மைனிச்சிக்கு நெருக்கமான டி.பி.எஸ்.ஸோடும், மைனிச்சியின் ஒசாகா நிலையம் அசாஹி பக்கம் சாய்ந்த என்.இ.டி.யோடும் கட்டுண்டு கிடந்தன. தொலைக்காட்சி வட்டாரத்தில் இதற்குக் ‘குடல் முறுக்கு’ என்றே பெயர். 1974-இல் பத்திரிகைகள் டோக்கியோ நிலையங்களில் தங்களுக்கு இருந்த பங்குகளை மாற்றிக்கொண்டன. அடுத்த ஆண்டு இரு ஒசாகா நிலையங்களும் இடம் மாறின. இதில் லாபம் எம்.பி.எஸ்.ஸுக்குத்தான். அன்று டி.பி.எஸ். வலுவான நெட்வொர்க், என்.இ.டி. பலவீனமானது. ஏ.பி.சி. சந்தோஷமாகப் போகவில்லை.

பழைய நிகழ்ச்சி நிரலைப் பார்ப்பவர்கள் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. மாறியவை நெட்வொர்க்குகள் மட்டுமே. ஒசாகாவில் சேனல் எண்கள் அப்படியே இருந்தன, எம்.பி.எஸ். 4, ஏ.பி.சி. 6. ஆகவே ஒசாகா பிள்ளைகளுக்கு மாற்றத்துக்குப் பிறகும் காமென் ரைடர் நான்கிலேயே வந்தது. டோக்கியோ பிள்ளைகள்தான் பத்திலிருந்து ஆறுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. டோக்கியோவில் என்.இ.டி.யின் சனிக்கிழமை இரவு 7:30 காலியானது. அதை நிரப்ப டோஎய் ஏப்ரல் 5-இல் கொண்டுவந்ததுதான் ‘கோரேஞ்சர்’. வண்ண உடை வீரர் குழுக்களைப் பற்றிய சென்தாய் தொடர் வரிசையே இப்படி ஒரு காலி இடத்தில் முளைத்தது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். கூலிக்குக் கொலை செய்பவர்களைப் பற்றிய ‘ஹிஸ்ஸாட்சு’ வரிசை ஏ.பி.சி.யின் தயாரிப்பு. அப்போது ஓடிக்கொண்டிருந்த தொடர் 13-ஆம் பகுதிவரை டி.பி.எஸ்.ஸில் சனி இரவு பத்து மணிக்கு வந்தது, 14-லிருந்து என்.இ.டி.யில் வெள்ளி இரவு பத்துக்குப் போனது. பாதித் தொடரில்!

“எம்.பி.எஸ். என்பது டி.பி.எஸ்.ஸின் ஒசாகா கிளைதானே” என்று யாராவது கருத்துப் போடுவார்கள், தெரியும். கிளை இல்லை, தனி நிறுவனம். கிளையாக இருந்தால் இடம் மாறியிருக்கவே முடியாதே? இன்னொரு எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன். 1971-இல் வந்த முதல் காமென் ரைடருக்கு ‘டிவி அசாஹி’ என்று போடுகிறார்கள். என்.இ.டி.க்கு அந்தப் பெயர் 1977-இல்தான் வந்தது. அதுவரை என்.இ.டி. என்று எழுதுங்கள். 2000-இல் வந்த காமென் ரைடர் தொடரான ‘கூகா’வுக்கு டிவி அசாஹி என்று போட்டால் சரி. அது எம்.பி.எஸ். தயாரிப்பே அல்ல.