குளுக்கோஸ் ஏற்றலாமா, மார்ஃபின் கொடுக்கலாமா? பாலியேட்டிவ் கேள்வி-பதில்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில் வீடு வீடாகப் பாலியேட்டிவ் சிகிச்சைக்கு, அதாவது முற்றிய நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் சிகிச்சைக்குப் போகத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கமெல்லாம் வீட்டுக்குள் தமிழ்தான். டிஸ்சார்ஜ் சம்மரி இங்கிலீஷில் இருக்கும், நர்ஸ் மலையாளத்தில் சொல்லிவிட்டுப் போவார், சந்தேகம் மட்டும் தமிழில் பாக்கி நிற்கும். இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று உறைத்தது. நாம் கெஞ்சிக் கேட்கிற பல விஷயங்களில் பலன் குறைவு, பயந்து ஒதுக்குகிற சிலவற்றில் பலன் அதிகம். சமீப ஆராய்ச்சிகள் இதைத்தான் மறுபடி மறுபடி காட்டுகின்றன.

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ். கீமோ நடக்கிறது. நடுவிலேயே பாலியேட்டிவில் பெயர் பதியச் சொல்கிறார்கள். கைவிட்டுவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? (கொழிஞ்சாம்பாறை வாசகி)

கீமோவை நிறுத்தச் சொன்னார்களா? இல்லையே. அப்படியென்றால் கைவிடவில்லை, இன்னொரு கையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

2010இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்து ஓர் ஆய்வு வந்தது. உங்கள் அம்மாவைப் போலவே முற்றிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ். இரண்டாவது கூட்டத்தில் மனச்சோர்வு குறைந்தது, அன்றாட வாழ்க்கை நன்றாக இருந்தது, கடைசி நாட்களில் பலனில்லாத கடும் சிகிச்சையும் குறைந்தது. அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9. பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஆயுள் கூடவில்லை, ஆகவே அந்த வாக்குறுதியை நான் தர மாட்டேன். வலியும் மனசும் லேசாகும் என்பது மட்டும் பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

2024இல் இன்னொன்று வந்தது. அமெரிக்காவில் 22 மையங்கள், 1250 நோயாளிகள். நேரில் போய்ப் பார்த்த பாலியேட்டிவுக்கும் வீடியோவில் பேசிய பாலியேட்டிவுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. கீமோ போட்டுக்கொண்டு வந்து சோர்ந்து கிடக்கிறவரை மறுபடி பாலக்காடு பஸ்ஸில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். முதல் தடவை மட்டும் நேரில் பாருங்கள், அப்புறம் போனில் வீடியோ போதும்.

அப்பாருக்குப் புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் எழுதியிருக்கிறார்கள். பழகிவிடும், சீக்கிரம் முடிந்துவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். வாங்கி வைத்தும் கொடுக்காமல் இருக்கிறோம். (கோபாலபுரம்)

தினமும் கேட்கிற கேள்வி. கொடுக்காமல் வைத்திருக்கிற அந்த ஸ்ட்ரிப்பை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும்.

வலிக்கு ஏற்ற அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினால் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகளில் தெரியவில்லை. நோய் முற்றிய நேரத்தில் மார்ஃபினும் வீட்டுக்குள் வருகிறது, மரணமும் வருகிறது. பழி மாத்திரை மேல் விழுகிறது. புற்றுநோய் வலிக்குச் சரியாகக் கொடுக்கும்போது அடிமையாவதும் அபூர்வம்.

இன்னொரு பழக்கம், 'முதலில் லேசான மாத்திரை, பிறகு கோடீன், டிரமடால் வகை, அதுவும் முடியாவிட்டால் மார்ஃபின்' என்று படியேறுவது. 1986இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஏணி அது. இத்தாலியில் நடுத்தர வலியுள்ள 240 புற்றுநோயாளிகளிடம் இதைச் சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். நடுப்படியைத் தாண்டி நேராகக் குறைந்த அளவு மார்ஃபின் வாங்கியவர்களில் 88.2 சதவீதம் பேருக்கு வலி கணிசமாகக் குறைந்தது. கோடீன், டிரமடால் வகை வாங்கியவர்களில் 54.7 சதவீதம். நடுப்படியில் ஆளை ரொம்ப நாள் நிறுத்திவைப்பதை அதற்குப் பின் நான் விட்டுவிட்டேன்.

கொடுக்கும் முறைதான் முக்கியம். சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் வேலை செய்யும். வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இரவு 10 மணிக்குப் பெரும்பாலும் இரட்டிப்பாக எழுதியிருப்பார்கள், நடுராத்திரியில் அவரை எழுப்ப வேண்டாம் என்பதற்காக. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். எழுப்பினாலும் எழாத மயக்கமோ பிதற்றலோ வந்தால் உடனே கூப்பிடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மலச்சிக்கல் மட்டும் நாளானாலும் போகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவருக்கு மார்ஃபின் எழுதிவிட்டு மலமிளக்கி எழுத மறந்துவிட்டேன். எட்டாம் நாள் போய்ப் பார்த்தால் வலி போயிருந்தது, ஆள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார். "அந்த வலியே தேவல டாக்டரே" என்றார். மார்ஃபினோடு கூடவே எழுதப்படும் சென்னா மாத்திரை வேறொன்றும் இல்லை, நம் நிலவாகைதான். உலகச் சந்தையில் அதற்குத் திருநெல்வேலி சென்னா என்றே பெயர்.

கடைகளில் மார்ஃபின் சுலபமாகக் கிடைக்காததற்குக் காரணம் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம். 2014இல் அதைத் திருத்தி மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை அத்தியாவசிய மருந்துகளாக்கி விதிகளை எளிதாக்கினார்கள். அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் கேளுங்கள். மாத்திரையோடு சீட்டும் இருக்கட்டும், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

பெரியம்மாவுக்குப் புற்றுநோய் நுரையீரலில் பரவி மூச்சு வாங்குகிறது. விரலில் மாட்டிப் பார்த்தால் 95 காட்டுகிறது. ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்கட்டுமா? (வேலந்தாவளம்)

95 காட்டுகிறது என்று எழுதியதற்கு நன்றி, பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தவர்களுக்கு மெஷின் உதவும். குறையாமலே மூச்சு முட்டுகிறவர்கள் 239 பேரிடம் ஆஸ்திரேலியா, அமெரிக்கா, பிரிட்டனில் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரி மெஷின், மூக்கில் ஒரே மாதிரி குழாய். பாதிப் பேருக்கு ஆக்ஸிஜன், பாதிப் பேருக்கு வெறும் அறைக்காற்று. இரண்டு கூட்டத்துக்கும் கொஞ்சம் சுகம் கிடைத்தது, ஆக்ஸிஜனால் கூடுதல் சுகம் இல்லை.

அப்படியானால் சுகம் தந்தது எது? முகத்தில் பட்ட காற்றாக இருக்கலாம். அதே வருடம் பிரிட்டனில் 50 பேரிடம் சின்னக் கைவிசிறியை வைத்துப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் முகத்துக்கு, ஐந்து நிமிடம் காலுக்கு. முகத்துக்குப் பிடித்தபோது மூச்சுத்திணறல் குறைந்தது. மூக்கு, கன்னம், மேலுதட்டுப் பகுதி நரம்பில் குளிர்ச்சி படும்போது மூளைக்குப் போகிற 'மூச்சுப் போதவில்லை' என்ற செய்தி தணிகிறது என்று கருதுகிறார்கள்.

பனைமரத்துக்குப் பஞ்சமில்லாத தாலுகா இது. சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் பேத்தி கட்டிலோரம் உட்கார்ந்து பனையோலை விசிறியை அம்மிச்சியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி, மூக்குக்கு நேராக வீசிக்கொண்டிருந்தாள். கை மாற்றும்போதெல்லாம் கிழவி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். ஜன்னலைத் திறந்துவைத்து, சாய்ந்து உட்காரவைத்து, முதலில் இதைச் செய்யுங்கள். வாடகைக் காசு மிஞ்சும். பேட்டரி விசிறியும் சரிதான்.

மூச்சுக்கும் மார்ஃபின் கொடுப்பதுண்டு. ஆனால் பீடி, அடுப்புப்புகையால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பில் குறைந்த அளவு மார்ஃபின் உதவவில்லை என்று 2022இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு சொன்னது. அந்த நோயில் நான் இப்போது கை தயங்கித்தான் எழுதுகிறேன்.

நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றாமல் பட்டினி போட்டுக் கொல்கிறோமோ? (மீனாட்சிபுரம்)

பட்டினியால் நோய் வரவில்லை. நோய் முற்றியதால் பசி போயிருக்கிறது. இதைச் சொல்வது எனக்குச் சுலபம், கேட்பது உங்களுக்குச் சுலபமில்லை, தெரியும்.

ஹூஸ்டன் நகரில் ஹாஸ்பிஸில், அதாவது கடைசிக் காலப் பராமரிப்பில் இருந்த 129 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. ஒரு கூட்டத்துக்குத் தினம் ஒரு லிட்டர் சலைன், இன்னொன்றுக்கு வெறும் 100 மில்லி. யாருக்கு எவ்வளவு என்று நோயாளிக்குத் தெரியாது. களைப்பு, மயக்கம், பிதற்றல், ஆயுள் எதிலும் வித்தியாசம் இல்லை. உடம்பு வாங்கிக்கொள்ளாத தண்ணீர் காலில் வீங்கும், நெஞ்சில் சளியாகச் சேரும். வீட்டார் அழுத அழுகையில் நானும் ஏற்றியிருக்கிறேன், மறுநாள் அந்தக் கொறகொறப்பைக் கேட்டு வருந்தியும் இருக்கிறேன். வாந்தி, பேதியால் வற்றிப்போனவர் கதை வேறு, அவருக்கு ஏற்றத்தான் வேண்டும்.

வாய் உலர்வதுதான் அவரை வருத்தும். மணிக்கொரு தரம் ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடையுங்கள், உதட்டில் கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள். பால் ஊற்றும் சடங்கு செய்வதானால் விரலில் தொட்டு உதட்டில் வையுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் ஸ்பூனால் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும்.

மார்பில் உடைந்த புண். நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் கிட்டே வருவதில்லை. (எருத்தேம்பதி)

உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கழுவுங்கள். மெட்ரோனிடசோல் மாத்திரையை நைஸாகப் பொடித்துப் புண்மேல் தூவச் சொல்வோம், நர்ஸிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள். சில நாட்களில் வித்தியாசம் தெரியும். பிள்ளைகளும் வருவார்கள்.

எனக்கு வெண்டிலேட்டர் வேண்டாம் என்று இப்போதே எழுதிவைக்கலாமா? வீடு பொள்ளாச்சி, மகன் பாலக்காட்டில். (பொள்ளாச்சி)

எழுதலாம். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை அனுமதித்தது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்ததால் அனேகமாக யாரும் எழுதவில்லை. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள். இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்து, உங்களுக்காக முடிவெடுக்க நம்பிக்கையானவர்களின் பெயர்கள், அவ்வளவுதான். ஒரு பிரதி உள்ளாட்சி அலுவலகத்துக்கு, ஒன்று மகனிடம். எல்லைக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் இரண்டுக்கும் ஒரே தீர்ப்புதான். பிறகு இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துத்தான் முடிவு. பத்திரத்தை எழுதும் முன் மகனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், நான் பார்த்த சண்டைகள் முக்கால்வாசி அங்கேதான்.

கேரளத்தில் மட்டும் நர்ஸ் வீடு தேடி வருகிறாரே, எங்களுக்கு? (ஆனைமலை)

1993இல் கோழிக்கோட்டில் சிலர் தொடங்கியது அங்கே ஊர் ஊராகப் பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆனது. பஞ்சாயத்து நர்ஸ் வருவது அதனால்தான். உங்கள் பக்கம் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுப் பாலியேட்டிவும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள்.

தொண்டையில் சளி இழுக்கிறது, கண் திறப்பதில்லை. அவருக்கு வேதனையா? நாங்கள் பேசுவது காதில் விழுமா? (வடகரப்பதி)

அந்தச் சத்தம் கேட்கிற நமக்குத்தான் அதிக வேதனை. ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். சத்தம் தொடங்கும் முன்பே ஹையோசின் பியூட்டைல்புரோமைடு ஊசி போட்டால் அது வருவது 27 சதவீதத்திலிருந்து 13 சதவீதமாகக் குறைந்தது என்று 2021இல் நெதர்லாந்தில் கண்டார்கள். தொடங்கிய பின் மருந்து அவ்வளவாகக் கேட்பதில்லை.

காது? கனடாவில் வான்கூவரில் ஹாஸ்பிஸில் அசைவற்றுக் கிடந்தவர்களின் தலையில் மின்முனைகள் பொருத்தி ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். சிலருடைய மூளை, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களின் மூளையைப் போலவே அந்த ஒலிக்குப் பதில் காட்டியது. 2020இல் வெளிவந்தது. அர்த்தம் புரிந்ததா என்பதை மின்முனை சொல்லாது. ஆனாலும் கேட்கிறது என்று வைத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், யார் வந்திருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். பாகப்பிரிவினைப் பேச்சைத் திண்ணைக்குக் கொண்டுபோங்கள்.