சர்க்யூட் சந்தேகங்கள்: இரண்டு ரெசிஸ்டரில் டிவி படம்

கேள்வி: அரசு கொடுத்த 14 அங்குல இலவச கலர் டிவி பரணில் கிடக்கிறது. மஞ்சள் ஏ.வி. சாக்கெட் நன்றாகவே இருக்கிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டை (புரோகிராம் போட்டு இயக்கும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) வைத்து அதில் எழுத்தும் கட்டமும் வரவைக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: தாராளமாக. ஊனோ போர்டு ஒன்று, 470 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1 கே (1,000 ஓம்) ரெசிஸ்டர் ஒன்று, ஏ.வி. கார்டு (கேபிள்) ஒன்று. அவ்வளவுதான். ரெசிஸ்டர் கால் வாட் போதும். ரிச்சி தெரு வரை போகிறீர்கள் என்றால் 150 ஓம் ரெசிஸ்டரும் இரண்டு சேர்த்து வாங்கிவிடுங்கள், சோதனைக்கு ஆகும்.

ஊனோவில் டிவி சிக்னல் உருவாக்கித் தரும் ஆயத்த புரோகிராம் தொகுப்பு டிவிஅவுட் லைப்ரரி. அதில் ஊனோவின் 9-ஆம் பின் சிங்க் (வரி எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு), 7-ஆம் பின் வீடியோ. 9-இலிருந்து 1 கே, 7-இலிருந்து 470 ஓம். இரண்டின் மறுமுனைகளையும் ஒன்றாக முறுக்கி ஏ.வி. கார்டின் நடுக்கம்பியில் சால்டர் செய்யுங்கள். வெளிச்சுற்றுக் கம்பி போர்டின் கிரவுண்டுக்கு.

டிவிக்குள் 75 ஓம் லோடு இருக்கிறது. அதோடு சேர்ந்து இந்த இரண்டு ரெசிஸ்டரும் 5 வோல்ட்டை மூன்று படிகளாகப் பிரிக்கின்றன. இரண்டு பின்னும் கீழே (அணைந்த நிலை) இருந்தால் 0 வோல்ட், அது சிங்க். 9 மட்டும் மேலே (5 வோல்ட் நிலை) போனால் டிவிக்கு 0.3 வோல்ட், அது கறுப்பு. இரண்டும் மேலே என்றால் 0.95 வோல்ட், அது வெள்ளை. ரெசிஸ்டரை இடம் மாற்றிப் போட்டால் கறுப்பே 0.65-க்கு ஏறிவிடும், வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடைவெளி பாதியாகக் குறைந்து படம் சாயம் போன மாதிரி தெரியும். மஞ்சள்-ஊதா-பழுப்பு 470, பழுப்பு-கறுப்பு-சிவப்பு 1 கே. சால்டர் செய்யும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிலாஸ்கோப் இல்லாமலே இதைச் சோதிக்கலாம். 150 ஓம் இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்தால் 75 ஓம். அதைக் கார்டின் முனையில் வைத்து, பின்களை நிலையாக மேலே அல்லது கீழே வைக்கும் நாலு வரி புரோகிராமைப் போட்டு மல்டிமீட்டரில் அளக்கலாம். லோடு இல்லாமல் வெறும் கார்டில் அளந்தால் வெள்ளைக்கு 5 வோல்ட் காட்டும். போர்டில் கோளாறு என்று அதைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

லைப்ரரியில் பால் (PAL, நம் நாட்டு டிவி சிக்னல்) முறையைத் தேர்ந்தெடுங்கள். 128-க்கு 96 புள்ளி என்றால் 1,536 பைட் போகும். ஊனோவில் இருக்கும் ரேமே 2,048 பைட்தான். மீதி 512-இல்தான் உங்கள் புரோகிராம் ஓட வேண்டும். பெரிய எழுத்துத் தொடர்களை ஃபிளாஷ் நினைவகத்தில் வையுங்கள்.

கேள்வி: படம் வருகிறது, ஆனால் சில வரிகள் மட்டும் இழுத்துக்கொண்டு ஆடுகின்றன. சர்வோ மோட்டார் சேர்த்த பிறகு படமே போய்விட்டது.
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: பால் முறையில் ஒரு வரிக்கு 64 மைக்ரோ செகண்ட். அதில் சிங்க் 4.7, அடுத்து ஒரு சிறு கறுப்பு இடைவெளி, படம் தெரிவது 52. ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸில் ஒரு வரி என்பது சரியாக 1,024 துடிப்பு. சிங்க் ஒரு மைக்ரோ செகண்ட் பிந்தினாலே 14 அங்குலத் திரையில் அந்த வரி அரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். கண்ணுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஆகவே இடையில் புகுந்து நேரம் தின்னும் வேறு இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு நடக்கும் அவசர வேலை) எது இருந்தாலும் வரி ஆடும். சீரியல் போர்ட்தான் வழக்கமான குற்றவாளி. சர்வோ கதை வேறு: சர்வோ லைப்ரரிக்கும் டிவிஅவுட்டுக்கும் போர்டின் உள்ளே நேரம் கணக்கிடும் அதே டைமர் 1 தான் வேண்டும். இரண்டுக்கும் பங்கு போட முடியாது. சர்வோவுக்கு இன்னொரு போர்டு வைப்பதே நல்லது.

வரிகள் ஆடாமல் முழுப்படமும் மேலும் கீழும் உருண்டால் அது செங்குத்து சிங்க் சிக்கல். பாலுக்குப் பதில் என்.டி.எஸ்.சி. (அமெரிக்க டிவி முறை) தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: கலர் வருமா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: இந்தச் சர்க்யூட்டில் வராது. பால் கலரைச் சுமக்க 4.43361875 மெகாஹெர்ட்ஸ் அலை வேண்டும். ஊனோவின் 16 மெகாஹெர்ட்ஸை எப்படி வகுத்தாலும் அது கிடைக்காது.

கேள்வி: மைக்ரோகன்ட்ரோலர் இல்லாமல் 555 ஐ.சி.யில் செய்ய முடியாதா?
– வாசகர், பெரம்பூர்

பதில்: வரி சிங்க் மட்டும் அழகாக வரும். 555-ஐ அஸ்டேபிளாக (தானே துடித்துக்கொண்டிருக்கும் அமைப்பாக) கட்டி, 7-ஆம் பின்னுக்கும் 6-ஆம் பின்னுக்கும் நடுவே 6.8 கே, 1 நானோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் 3-ஆம் பின் 4.7 மைக்ரோ செகண்ட் கீழே இருக்கும். 7-இலிருந்து சப்ளைக்கு 68 கே-யும் 22 கே பிரீசெட்டும் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) தொடராக. பிரீசெட் பாதியில் நிற்கும்போது ஒரு துடிப்பின் மொத்த நேரம் 64 மைக்ரோ செகண்டை ஒட்டி வந்துவிடும். டிஸ்க் செராமிக் கெப்பாசிட்டர் வேண்டாம், சூடேறினால் மதிப்பு மாறும், பாலியஸ்டர் போடுங்கள்.

பிறகுதான் வேலை கூடுகிறது. செங்குத்து சிங்குக்கு 312 வரி எண்ண வேண்டும். சி.டி.4040 கவுன்ட்டரில் கியூ4, கியூ5, கியூ6, கியூ9 நான்கையும் ஆண்ட் கேட் வழியாக ரீசெட்டுக்குக் கொடுத்தால் 8+16+32+256, அதாவது 312. அதன் மேல் படத்துக்கென்று தனி ஐ.சி.க்கள். கற்றுக்கொள்ள அருமையான வேலை. எழுத்து பார்ப்பதுதான் நோக்கம் என்றால் ஊனோவே போதும்.

கேள்வி: ஏ.வி. சாக்கெட் இல்லாத பழைய கறுப்பு-வெள்ளை டிவி. உள்ளே திறந்து நேராகச் சால்டர் செய்யலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: கூடாது. அந்தக் கால செட்டுகள் பலவற்றில் சேசிஸ் (உள்ளிருக்கும் உலோகச் சட்டம்) நேரே மின்சார லைனோடு இணைந்திருக்கும். அங்கே கிரவுண்டு வயரைக் கட்டினால் ஆர்டுயினோவும் யு.எஸ்.பி. வழியாகக் கணினியும் லைனில் ஏறும், தொடுபவருக்கு உயிராபத்து. பழைய வீடியோ கேம் பெட்டியிலிருந்து ஆர்.எஃப். மாடுலேட்டரை (வீடியோவை டிவி சேனல் அலையாக மாற்றும் பெட்டி) கழற்றி, ஆண்டெனா சாக்கெட் வழியாகக் கொடுங்கள். கடற்கரைக் காற்றில் சாக்கெட் பச்சை பூத்திருந்தால் படம் விட்டுவிட்டு வரும். செட்டை அணைத்துவிட்டு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள்.