அது எப்படி வேறு?

கேள்வி: எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண், இந்த மழைக்காலம் தொடங்கியதிலிருந்து சமையலறையில் ரப்பர் செருப்போடு நிற்கிறாள். வீட்டுக்குள் மட்டும் போட்டுக்கொள்ளத் தனியாக வைத்திருப்பதாகச் சொல்கிறாள். குதிகால் வலிக்காக டாக்டர் சொல்லி நானும் வீட்டில் செருப்பு அணிகிறேன், அது வேறு. மாமியார் தினமும் முகம் சுளிக்கிறார். அவள் மனம் நோகாமல் இதை எப்படி நிறுத்துவது? நம் பண்பாட்டில் இதற்கு இடமுண்டா?
- ஒரு வாசகி, செம்பூர், மும்பை

பதில்: "அது வேறு" என்கிறீர்கள். எப்படி வேறு? ஒரே தரை. நின்றால் வலிப்பது ஒரே குதிகால். நீங்கள் டாக்டரைக் கேட்டு அணிந்தீர்கள், அவர் யாரையும் கேட்காமல் தன் காசில் வாங்கி அணிந்தார்.

செருப்பை வாசலில் கழற்றுவது நல்ல வழக்கம். தெருவின் சேறும் எச்சிலும் உள்ளே வரக்கூடாது என்பதற்காக வந்தது அது. அந்தப் பெண் தெருச் செருப்பை வெளியே விட்டு, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொள்கிறார். வழக்கத்தை அவர் காப்பாற்றித்தான் இருக்கிறார்.

நம்மைவிடக் கறாரானவர்கள் ஜப்பானியர்கள். வாசலை ஒட்டித் தாழ்வான இடம் ஒன்று இருக்கும், 'கென்கான்' என்பார்கள். காலணியை அங்கே கழற்றினால் வந்தவருக்கு வீட்டுச் செருப்பு தயாராக இருக்கும். பாய் பதித்த அறை வந்தால் அதையும் கழற்ற வேண்டும். கழிவறைக்கு வேறு ஜோடி. துருக்கியில் 'டெர்லிக்', ரஷ்யாவில் 'தாப்பச்கி' என்று வருகிறவர்களுக்கெனக் கூடுதல் ஜோடி வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். காலணியைக் கழற்றச் சொல்பவர்களே மாற்றுச் செருப்பும் தருகிறார்கள். நாம் கழற்றச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

அவர் காலில் கிடக்கும் ரப்பர் செருப்பின் கதையும் தெரிந்திருக்க வேண்டியதுதான். 1885 முதல் ஹவாய்த் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஜப்பானியர்கள், 'ஸோரி' என்ற வைக்கோல் செருப்பையும் கொண்டுபோனார்கள். பின்னாளில் அந்த வடிவம் ரப்பருக்கு மாறி உலகைச் சுற்றியது. பிரேசிலில் 1962இல் வந்த ரப்பர் செருப்புக்கு 'ஹவாயானாஸ்' என்றே பெயர். கால் பதியும் பரப்பில் அரிசிமணி போலப் புள்ளிகள் இருக்கும், பழைய ஸோரியின் நினைவாக. நம் கடைகளில் 'ஹவாய் செருப்பு'. நாள் முழுக்க நின்று உழைத்தவர்களின் காலோடு பயணப்பட்ட செருப்பு அது.

இனி, பண்பாடு. பெருமாள் கோயிலில் சடாரிக்காகக் குனிந்து தலையைக் கொடுக்கிறோமே, அதன் மேல் இருப்பது பெருமாளின் பாதுகை. செருப்பு என்ற பொருள் நமக்கு எல்லா இடத்திலும் இழிவாக இருந்ததில்லை. யார் காலில் இருக்கிறது என்பதைத்தான் பார்த்தோம். தமிழ்நாட்டுக் கிராமங்கள் பலவற்றில் ஊர்த்தெருவுக்குள் நுழையும் தலித் மக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. அந்த அவமானம் பொறுக்காமல் ரயிலேறித் தாராவிக்கு வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். உங்கள் மனதில் சாதி இல்லை என்றே நம்புகிறேன். ஆனால் அந்த முகச்சுளிப்பு எங்கிருந்து வந்தது என்பதை உங்கள் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எங்கள் வீட்டில் பத்து ஆண்டுகள் வேலை செய்த அம்மாவின் கால்விரல் இடுக்கை ஒரு ஜூலை மாதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். தோல் வெள்ளை வெளேரென்று ஊறி, பிளந்து, நடுவில் சிவப்பாகச் சதை தெரிந்தது. மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பியிருந்தார். சேற்றுப்புண். மழைத் தண்ணீரில் நடந்து வந்து, ஈரம் காயாத காலோடு எங்கள் தொட்டியடியில் நின்று, பிறகு அடுத்த வீட்டுத் தொட்டியடியில் நின்று வந்த புண். அதுவரை ஒருமுறைகூட நான் அவர் காலைப் பார்த்ததில்லை. அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

ஆகவே நிறுத்தும் வழியை நான் சொல்லப்போவதில்லை. அடி தேய்ந்த ரப்பர் செருப்பு ஈர டைல்ஸில் வழுக்கும். அவர் செருப்பின் அடியைப் பாருங்கள். வழவழவென்று இருந்தால், ஆழமான வரியோடியது ஒன்று வாங்கிக் கொடுங்கள். 200 ரூபாய்க்குள் முடியும். உங்கள் பழையதைத் தள்ளிவிடாதீர்கள். கால் அளவைக் கேட்டுப் புதிதாக வாங்குங்கள். வந்தவுடன் கால் துடைக்க ஒரு துண்டும் வையுங்கள். அந்தச் செருப்பை வைக்கும் இடம் குப்பைக்கூடைக்குப் பக்கத்தில் வேண்டாம். உங்களுடையது இருக்கும் அலமாரியிலேயே இருக்கட்டும்.